சூத்திரம் தெரியும், விகிதம் தெரியாது

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். என் வகுப்பில் பலர் மருத்துவக் கனவோடு வருபவர்கள். சென்ற பருவத்தில், பள்ளி இயற்பியலில் ‘ஏ’ வாங்கிய ஒரு மாணவி, தேர்வுத் தாளோடு என் அறைக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது. கேள்வி இதுதான்: தமனியின் ஆரம் 20 சதவீதம் சுருங்கினால், அழுத்த வேறுபாடு மாறாத நிலையில், இரத்த ஓட்டம் எவ்வளவாகும்?

“ஆரம் எத்தனை மில்லிமீட்டர் என்று கொடுக்கவே இல்லையே!” என்றாள்.

குழாயில் திரவம் ஓடும் அளவைச் சொல்லும் பாய்சொய் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதும் அதிலேயே இருந்தது. எண் இல்லாததால் பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து போட வைத்தேன். 0.8 பெருக்கல் 0.8, 0.64. அதை மீண்டும் அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 0.41. ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கே ஓட்டம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அடைப்பு கொஞ்சம்தான் என்று யாரிடமும் சொல்ல முடியாது, இல்லையா?” என்று கேட்டாள். பாய்சொய் ஒரு மருத்துவர் என்பதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

பள்ளியில் எண்களைப் போட்டு விடை எடுத்தே பழகிவிடுகிறார்கள். கல்லூரித் தேர்வு எழுத்துகளோடு நகர்கிறது. பின்னால் வரும், மருத்துவக் கல்லூரி நுழைவுக்கான எம்கேட் தேர்வில் கால்குலேட்டருக்கு அனுமதியே இல்லை. இயற்பியல் வரும் பகுதியில் 95 நிமிடத்தில் 59 கேள்விகள்.

அதனால் கல்லூரியில் சேருவதற்கு முந்தைய கோடை விடுமுறையில் தடித்த புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். தினம் அரை மணி நேரம் போதும். பத்தின் அடுக்குகளைக் கையால் பெருக்குங்கள். சைன், கொசைன் கொண்டு விசையைக் கூறுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் முதலில் விசைப் படம் வரையுங்கள். தீர்வைப் படித்து ‘புரிந்துவிட்டது’ என்று பக்கத்தைப் புரட்டுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. மறுநாள் அதே கணக்கை வெற்றுத் தாளில் போட்டுப் பாருங்கள்.

நுண்கணிதம் சேர்ந்த இயற்பியலா, இயற்கணிதம் மட்டும் போதுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். பல மருத்துவக் கல்லூரிகளுக்கு இரண்டாவதே போதும். ஆனால், பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏ.பி.யில் எடுத்த மதிப்பெண்ணைக் காட்டிக் கல்லூரி இயற்பியலைத் தவிர்ப்பதைச் சில மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை. பிற்பாடு விண்ணப்பிக்கப்போகும் மருத்துவக் கல்லூரிகளின் விதிகளை, முதலாண்டுப் பாடங்களைப் பதிவு செய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.