தூரை அசைப்பது குதிரைத்திறன் அல்ல

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் தரிசைத் திருத்தியவர்களுக்குச் சீமைக்கருவேலத்தின் குணம் தெரியும். வெட்டிச் சாய்த்த இடத்தில் அடுத்த மழைக்கு ஒன்றுக்கு நான்காகத் துளிர்த்து நிற்கும். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, அதன் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. தரையோடு வெட்டினாலும் அவை பிழைத்துக்கொள்ளும். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழிருந்து தூரையே, அதாவது அடிக்கட்டையையே, எடுத்தால்தான் மரம் சாகும்.

அதற்கு மினி டிராக்டர் போதுமா? 20 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 15 கிலோவாட். மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால், பாதி சக்தி வழியிலேயே வீணானாலும், இரண்டரை டன்னுக்கு மேல் இழுக்க அந்த என்ஜினுக்குத் தெம்பு உண்டு. ஆனால் வண்டியின் எடை 800 கிலோ என்றால், உழாத காய்ந்த மண்ணில் டயரின் பிடிமானம் அதில் ஏறக்குறைய பாதிதான். 400 கிலோவைத் தாண்டினால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். என்ஜின் அல்ல, டயர்தான் எல்லை போடுகிறது.

கையிலிருக்கும் அந்த 400 கிலோவை நெம்புகோலால் பெருக்கலாம். மரத்தை அடியோடு வெட்டாமல் இடுப்புயரத்துக்கு விட்டுவையுங்கள். தரையிலிருந்து 20 சென்டிமீட்டரில் இழுப்பதைவிட 1 மீட்டரில் இழுத்தால், தூரைப் புரட்டும் திறன் ஐந்து மடங்கு. சங்கிலி நீளமாக இருக்கட்டும். குட்டையாக இருந்தால் அது செங்குத்தாகச் சாய்ந்து டிராக்டரின் பின்பக்கத்தையே மேலே தூக்கி, இருக்கிற பிடியையும் குறைத்துவிடும். பக்க வேர்களைக் கோடரியால் முன்பே அறுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு கூட்டாளி தண்ணீர். ஈரத்தில் களிமண் வேரை விட்டுக்கொடுக்கும். ஆனால் டயருக்கடியிலும் ஈரமானால் வண்டி வழுக்கும். அதனால் முந்தின நாளே தூரைச் சுற்றிப் பாத்தி கட்டி, அங்கு மட்டும் நீர் விடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சங்கிலியை டிராக்டரின் பின் அச்சுக்கு மேலே எங்கும் மாட்டாதீர்கள். தூர் அசையாமல் டயரும் வழுக்காமல் நின்றால், என்ஜினின் திருகுவிசை வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும். கொக்கி எவ்வளவு உயரமோ அவ்வளவு எளிதாகத் தூக்கும். கிளட்சை மிதிப்பதற்குள் வண்டி ஓட்டுபவர் மேல் கவிழ்ந்துவிடும். இழுப்பது எப்போதும் பின்னால் தாழ்வாக உள்ள டிராபார் என்ற இழுவைச் சட்டத்தில்தான்; வெடுக்கென்று இழுக்காமல், மெல்ல. நைலான் கயிறும் வேண்டாம். அது நீண்டு விசையைச் சேர்த்துவைத்து, அறுந்தால் சாட்டையாகத் திரும்பும்.

தூர் வந்த பிறகும் மண்ணில் விதை இருக்கும். ஆடுமாடு தின்ற நெற்று சாணத்தோடு விழுந்து முளைக்கும். அந்தக் கன்றுகளுக்கு டிராக்டர் தேவையில்லை. மழை பெய்த மறுநாள் கையாலேயே வேரோடு வரும்.