வழக்கொழிந்த தோட்டா

‘ஆப்சலீட் அம்யூனிஷன்’ என்னும் ஆங்கிலத் தொடரைக் ‘காலாவதியான தோட்டா’ என்று எழுதுவோர் உண்டு. அது பொருளைத் திரித்துவிடுகிறது. காலம், அவதி என்னும் வடசொற்கள் கூடிய ‘காலாவதி’ குறித்த கெடு முடிந்துபோனதையே சொல்லும். மாத்திரைக்கும் உரிமத்துக்கும் அது பொருந்தும். ‘ஆப்சலீட்’ என்பதன் இலத்தீன் மூலமோ புழக்கத்திலிருந்து தேய்ந்து மறைந்ததைச் சுட்டுவது. ஆகவே, நேற்று வார்த்த ஈயமும் புது வெடிமருந்தும் இட்டுச் செய்த தோட்டாவேயானாலும், அவ்வகையை ஆலைகள் வழக்கமாகச் செய்வது நின்றுபோயிருந்தால், அது வழக்கொழிந்த தோட்டாதான்.

‘தோட்டா’ இந்துஸ்தானி வழியாக வந்த சொல். உறை, கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுமையை அது குறிக்கும். குண்டு என்பது பாய்ந்து செல்லும் ஈயம் மட்டுமே. ஈழத் தமிழில் தோட்டாவை ‘ரவை’ என்பார்கள். நன்கு வேரூன்றிய ‘தோட்டா’வை நீக்கிவிட்டுப் புதுச்சொல் புனைய வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

1871இல் பிரித்தானியப் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்ககாலத் தோட்டா, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த உறையில் சுமார் 5.5 கிராம் கருமருந்தையும், காகிதம் சுற்றிய சுமார் 31 கிராம் ஈயக் குண்டையும் கொண்டது. எஞ்சியிருக்கும் அசல் தோட்டாக்களின் உறை கிழியக்கூடும் என்பதால் அவற்றைச் சேகரிப்பாளர்களிடம் விட்டுவிடுவதே நல்லது. ‘காலாவதி’ உண்மையில் பொருந்துவது அவற்றுக்குத்தான். சுட விரும்புவோர் 24 ‘போர்’ (குழல் துளையின் அளவு) பித்தளை உறையைப் பதப்படுத்தி, அச்சிலிட்டுக் கழுத்தை ஒடுக்கிக்கொள்கிறார்கள். முதல் வெடிப்பில் அது விரிந்து, துப்பாக்கியில் தோட்டா பொருந்தும் அறையின் வடிவத்தைப் பெறும். பழைய குழல்களின் அளவு ஒன்றுக்கொன்று மாறுவதால், மென்மையான ஈயத்தைக் குழலினுள் தட்டிச் செலுத்தி, வெளிவந்ததை அளந்த பிறகே குண்டு வார்க்கிறார்கள். புகையில்லா மருந்தை இட்டால் அதன் அழுத்தம் குழலைப் பிளந்துவிடலாம். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். ஆகையால், சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி எண்ணெயிடுவது வழக்கம்.

சட்டத்திலும் இச்சொல்லுக்கு எடையுண்டு. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1898 வரை செய்யப்பட்டவை பழம்பொருள் துப்பாக்கிகள். அவற்றின் நகல்களும், அவற்றுக்கான தோட்டா அந்நாட்டில் செய்யப்படாமலும் சாதாரண வணிகத்தில் எளிதில் கிடைக்காமலும் இருந்தால், அவ்வகையில் சேரும். பிரிட்டனில் வழக்கொழிந்த தோட்டா வகைகளின் பட்டியல் 2021இல் சட்டவிதியாயிற்று; ஆனால் அவ்வகைகளுக்கான பழந்துப்பாக்கிகளுக்கு உரிமம் வேண்டாம் என்னும் விலக்கு காட்சிப்பொருளாக வைத்திருப்போருக்கே உரியது, சுட எண்ணுபவர் உரிமம் பெற்றாக வேண்டும்.