யூரியாவா, செப்டிக் டேங்கா?

திருநெல்வேலி டவுனை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்தால் ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் நெல்லும் வாழையும், நடுவே வாய்க்கால். இப்படி ஓர் இடத்துக் கிணற்றில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்தியக் குடிநீர்த் தரம் வகுத்த எல்லை அது. வீட்டுக்காரர் வயலில் போட்ட யூரியாவைக் கை காட்டுவார். வயல்காரர் செப்டிக் டேங்கைக் காட்டுவார். தண்ணீரோ நிறமும் மணமும் இல்லாமல் கிடக்கும். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கிற வீட்டில் இது பெரிய ஆபத்து. ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுத்து, குழந்தையின் உடம்பே நீலம் பாரித்துவிடும்.

யாரால் வந்தது என்பதை அணுவின் எடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். நைட்ரேட் என்பது நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது. நைட்ரஜன் அணுக்களில் ஆயிரத்துக்கு 996 போல எடை 14 கொண்டவை. மிச்சம் நாலு, எடை 15.

அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருக்கும்போது விடியற்காலையில் வரப்பில் நடந்திருக்கிறீர்களா? மூக்கில் சுள்ளென்று ஏறும் நெடி, அம்மோனியா. ஆட்டு மூத்திரத்தில் இருக்கும் யூரியா உடைந்து அப்படி ஆவியாகிறது. கிளம்பும்போது லேசான 14 முந்திக்கொள்ளும். கனமான 15 கொஞ்சம் கூடுதலாக மண்ணில் தங்கும். தங்கியதை மண் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக்க, மழையோடு அது கிணற்றுக்கு இறங்குகிறது. மனிதக் கழிவிலும் இதே கதைதான்.

மூட்டை யூரியாவின் நைட்ரஜன் காற்றிலிருந்து எடுத்தது. கனமான 15-இன் பங்கு எவ்வளவு கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்பதைக் காற்றைத்தான் பூஜ்ஜியமாக வைத்து அளக்கிறார்கள். அதனால் ரசாயன உரம் பெரும்பாலும் ஆயிரத்துக்கு −4 முதல் +4 வரை நிற்கும். எருவும் சாக்கடையும் +10, +20 என்று ஏறும். இரண்டுக்கும் நடுவே மண்ணின் சொந்த நைட்ரஜன். அளப்பதற்கு ஒருவகை பாக்டீரியாவே உதவுகிறது. நைட்ரேட்டை நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாக மாற்றி, அதற்குமேல் போகாமல் அது நின்றுவிடும். அந்த வாயுவை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் விட்டு, லேசானதையும் கனமானதையும் காந்தத்தால் பிரித்து எண்ணுகிறார்கள்.

இதில் ஏமாறவும் இடமுண்டு. காற்றுப் புகாத சேற்றில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைத் தின்று நைட்ரஜன் வாயுவாக்கும். அவையும் லேசானதைத்தான் முதலில் எடுக்கும். மிஞ்சியது கனமாகிவிட, யூரியாவில் வந்த நைட்ரேட்கூடச் சாக்கடை போலத் தெரியும். அதனால் நைட்ரஜனை மட்டும் நம்பாமல் ஆக்சிஜனையும் அளக்க வேண்டும். இரண்டிலும் கனமானது சேர்ந்து கூடி, நைட்ரேட்டின் அளவு மட்டும் குறைந்துகொண்டே வந்தால், சேற்றுப் பாக்டீரியா வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

சரி, ஆட்டுக்கிடைக்கும் செப்டிக் டேங்குக்கும் எண் ஒன்றுபோல வந்தால்? அப்போது தண்ணீரில் சுக்ரலோஸைத் தேடலாம். உடம்பில் பெரும்பாலும் செரிக்காமல் வெளியேறும் செயற்கை இனிப்பு அது. மனிதக் கழிவில் வரும், கிடையிலிருந்து வராது.

ஒரே ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பிசானப் பருவ நெல்லுக்கு மேலுரம் போட்ட பிறகு ஒரு தடவை, வாய்க்கால் அடைத்து வயல் காய்ந்து கிடக்கும் சித்திரையில் ஒரு தடவை, அதே கிணற்றில் எடுக்க வேண்டும். சித்திரையிலும் நைட்ரேட் குறையாமல், எண்ணும் கனமாகவே நின்று, சுக்ரலோஸும் தென்பட்டால், முதலில் தோண்டிப் பார்க்க வேண்டியது பக்கத்துச் செப்டிக் டேங்கைத்தான்.