வட்டுக்கு நேரே செல்லும் கட்டளை

ஒரு நிரல் கோப்பைப் படிக்கும்போது வட்டோடு அது நேராகப் பேசுவதில்லை. கோப்பு முறைமையும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் தற்காலிக நினைவகமும், சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவரும் கோரிக்கையை ஒவ்வொரு படியாக மாற்றி, கடைசியில் "இந்த எண்ணிலிருந்து இத்தனை தொகுதிகளைக் கொடு" என்ற அளவில் வட்டிடம் சேர்க்கின்றன. கோப்பின் பெயரோ அது இருக்கும் கோப்புறையோ வட்டுக்குத் தெரியாது. ஆனால் வட்டின் வெப்பநிலை, பழுதாகி மாற்றப்பட்ட செக்டார்களின் (வட்டின் சிறு சேமிப்புப் பகுதிகளின்) எண்ணிக்கை போன்றவற்றைக் கோப்பு வழியாகக் கேட்க முடியாது என்பதால், இயங்குதளம் வேறொரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது.

லினக்ஸில், வட்டையே குறிக்கும் சாதனக் கோப்பைத் திறந்து, எஸ்ஜி ஐஓ (SG_IO) என்னும் ஐஆக்டில் (ioctl, சாதனத்தைக் கட்டுப்படுத்தக் கர்னலிடம் விடுக்கும் கோரிக்கை) அழைப்பின் மூலம் ஸ்கஸி (SCSI, சேமிப்புச் சாதனங்களுக்கான கட்டளைத் தொகுப்பு) கட்டளையை அப்படியே அனுப்பலாம். விண்டோஸில் இதே வேலையை டிவைஸ் ஐஓ கன்ட்ரோல் (DeviceIoControl) என்னும் அழைப்பு செய்கிறது. கட்டளையின் பைட்டுகள், தரவுக்கான பஃபர் (நினைவகத்தில் ஒதுக்கிய இடம்), பிழை விவரத்துக்கான பஃபர், காத்திருக்கும் நேரம் ஆகியவற்றோடு, தரவு வட்டிலிருந்து வருகிறதா வட்டுக்குப் போகிறதா என்பதையும் நிரலாளரே குறிப்பிட வேண்டும்.

எளிய கட்டளை ஒன்றைப் பார்ப்போம். பதினறும எண்களில் 12 00 00 00 24 00 என்ற ஆறு பைட்டுகள், "நீ யார்?" என்று வட்டைக் கேட்கின்றன. முதல் பைட் கட்டளையின் எண். ஐந்தாவது, பதிலுக்கு ஒதுக்கிய இடம்: பதினறும 24, அதாவது 36 பைட்டுகள். வரும் பதிலை பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 8ஆம் பைட்டில் தயாரிப்பாளரின் பெயரும், 16ஆம் பைட்டில் மாதிரியின் பெயரும் தொடங்குகின்றன.

சாட்டா (SATA) இணைப்பில் பொருத்தும் வட்டுகள் ஸ்கஸியை அல்ல, ஏடிஏ (ATA) என்னும் வேறொரு கட்டளை மொழியையே அறிந்தவை. ஆகவே ஏடிஏ கட்டளையை 85 என்ற பதினறும எண்ணில் தொடங்கும் 16 பைட் ஸ்கஸி உறையில் வைத்து அனுப்புகிறோம். இடையிலுள்ள மொழிபெயர்ப்பு அடுக்கு அதைப் பிரித்து வட்டிடம் தருகிறது. யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் வட்டுக்கு இந்த வேலையைப் பெட்டியின் சில்லு செய்ய வேண்டும். எல்லாச் சில்லுகளும் அதைச் செய்வதில்லை. கோப்புகள் சரியாக நகலாகும் வட்டில் உடல்நிலை விவரம் மட்டும் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஐஆக்டில் பூஜ்ஜியத்தைத் திருப்பினால் கட்டளை வென்றது என்று கொள்வது பெரிய தவறு. கோரிக்கை போய் வந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. கட்டளையின் முடிவைச் சொல்லும் நிலை பைட்டைத் தனியே பார்க்க வேண்டும். அதன் மதிப்பு 2 எனில் பிழை விவரத்தைப் படிக்க வேண்டும். அங்கே பிழையின் வகை எண் 3 ஆக இருந்தால் பதிவுப் பரப்பில் பழுது. 5 இருந்தால் அந்தக் கட்டளையையோ அதன் விவரங்களையோ வட்டு ஏற்கவில்லை.

இந்த வாயிலின் ஆபத்து 2011இல் வெளிப்பட்டது. வட்டை இயங்குதளம் பிரித்து வைக்கும் பகுதியே பார்ட்டிஷன்; வட்டுக்கு அந்தக் கருத்தே கிடையாது. ஆனால் பார்ட்டிஷனுக்கு அனுப்பிய எஸ்ஜி ஐஓ கட்டளையை லினக்ஸ் முழு வட்டுக்கும் கடத்திவிட்டது. ஒரு பார்ட்டிஷன் மட்டுமே வழங்கப்பட்ட மெய்நிகர் கணினி, அதே வட்டிலிருந்த பிறர் தரவைப் படிக்கவும் அழிக்கவும் இதனால் வழி பிறந்தது. அதன் பிறகே, தனி அதிகாரம் இல்லாத நிரல்கள் பார்ட்டிஷன் வழியாக இத்தகைய கட்டளைகளை அனுப்புவதைக் கர்னல் தடுக்கத் தொடங்கியது.