மூணு நாள் சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் எனக்கு வரும் போன்களும் கூடிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்தச் சமயத்தில் பிள்ளையை ஏதாவது கோர்ஸில் சேர்த்துவிடலாம் என்று பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கமிருந்து கேட்பார்கள். "சார், வயர் ஹார்னஸ் சர்டிபிகேட் மூணு நாள்ல தர்றாங்களாம். எடுத்தா ஒரகடத்துல வேலை கிடைக்குமா?"

வயர் ஹார்னஸ் என்றால் வண்டிக்குள்ளும் மெஷினுக்குள்ளும் ஓடும் வயர்களை முனை மாட்டி ஒன்றாகக் கட்டிய கட்டு. அதைச் செய்யும் ஆலைகள் சென்னைக்குப் பக்கத்து ஒரகடம் தொழிற்பேட்டையில் உண்டு. நான் ஹார்னஸ் ஆலையில் தரப் பரிசோதனையில் இருந்தவன். இப்போது பயிற்சி கொடுக்கிறேன். எடுப்பதற்கு முன் அது என்ன சான்றிதழ் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பெரும்பாலும் மின்னணுத் தொழில் அமைப்பு ஒன்று வெளியிடும் ஐபிசி ஏ-620 என்ற தரநூலை வைத்துத்தான் நடத்துகிறார்கள். 2002இல் முதலில் வந்தது. கேபிள், ஹார்னஸ் வேலையில் எதை ஏற்கலாம், எதைத் தள்ள வேண்டும் என்று படம் போட்டுச் சொல்லும். பொருள்களை 3 வகுப்பாகப் பிரித்திருக்கும். உயிர்காக்கும் கருவி போல நடுவில் நின்றுபோகவே கூடாதவை மூன்றாம் வகுப்பு. நல்ல நூல்தான். ஆனால் அது கண்ணுக்கான படிப்பு. கை பழகுவது வேறு.

ஒரு கிரிம்ப்பை எடுத்துக்கொள்வோம். வயர் நுனியில் டெர்மினல் என்ற உலோக முனையை வைத்து அழுத்திப் பிடிக்கவைப்பதுதான் கிரிம்ப். டெர்மினலின் முன்காது செம்பு இழைகளைப் பிடிக்கும், பின்காது வயரின் தோலைப் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியில் கொஞ்சம் செம்பு, கொஞ்சம் தோல், இரண்டும் தெரிய வேண்டும். தோல் முன்காதுக்குள் போய்விட்டால் இணைப்பு பிடிக்காது. தோல் சீவும்போது பிளேடு பட்டு இழை அறுந்தாலும் வெளியே தெரியாது. இழைகள் பிரியாமல் இருக்கட்டும் என்று முன்கூட்டியே ஈயம் வைத்துவிட்டு கிரிம்ப் செய்வதும் தப்பு. ஈயம் மெது உலோகம், அழுத்தத்தில் மெல்ல நகர்ந்து கொடுக்கும். நாளடைவில் பிடி தளரும்.

நம் கடற்கரையில் இது இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும். பாம்பனில் ஒரு படகின் பேட்டரி வயரைப் பார்த்தேன். பேட்டரியில் மாட்டும் வளைய முனையான லக்கை கட்டிங் பிளேயரால் நசுக்கியிருந்தார்கள். லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. தோலைச் சீவச் சீவ, ஒரு சாண் தூரம் உள்ளேயும் பச்சைக் களிம்பு. உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே ஏறிப் போயிருக்கிறது. வெள்ளீயம் பூசிய செம்பு வயர், சரியான கிரிம்ப் டூல், மேலே சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் உறை, இவ்வளவு இருந்திருந்தால் போதும்.

அதனால் பயிற்சி நிலையத்தில் இதைக் கேளுங்கள்: என் பிள்ளை தன் கையால் எத்தனை கிரிம்ப் போடுவான்? அதை இழுவைச் சோதனை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்ப்பீர்களா? கிரிம்ப் உயரத்தை மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லித் தருவீர்களா? படம் மட்டும் காட்டுவோம் என்றால் யோசியுங்கள். தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு வலை பின்னிய விரல்கள். வயர்களை வரிசை கலையாமல் போர்டில் ஓட்டிக் கட்டுவது அவளுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. கிரிம்ப் சரியாக விழத்தான் இரண்டு வாரம் ஆனது. இரண்டு வாரம் அதிகமே இல்லை.

இன்னொன்று. ஐபிசி சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். வேலை கிடைக்கும் முன்பே கடன் வாங்கி எடுத்து வைத்தால், காலாவதித் தேதி நெருங்கிக்கொண்டே வரும். வாடிக்கையாளர் கேட்கும்போது ஆலைகளே தங்கள் செலவில் ஆட்களுக்கு எடுத்துக்கொடுப்பதும் உண்டு. நேர்காணலில் அதைக் கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.