சமசமாஜம்: சொல் விளக்கம்

பொரளைப் பக்கம் உள்ள கொட்டா வீதிக்கு இப்போது கலாநிதி என். எம். பெரேரா மாவத்தை என்று பெயர். கொம்பனித்தெரு யூனியன் பிளேஸின் பெயர்ப்பலகையில் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா மாவத்தை என்று இருக்கும். இருவரும் ஒரே கட்சிக்காரர்கள். லங்கா சமசமாஜக் கட்சி என்ற அந்தப் பெயரைத் தமிழ்ப் பத்திரிகைகள் 1935இலிருந்து அப்படியே எழுதி வருகின்றன. சுயேச்சை, கூட்டணி, முன்னணி என்பவற்றுக்கெல்லாம் பொருள் சொல்லக்கூடிய வாசகரிடம் சமசமாஜம் என்றால் என்ன என்று கேட்டால், "அது ஒரு கட்சி" என்றுதான் பதில் வரும். அதில் பிழை ஒன்றும் இல்லை. தமிழில் அது கட்சிப் பெயராக மட்டுமே தங்கிவிட்டது. ஆனால் பிறந்தபோது அது கட்சிப் பெயர் அல்ல. ஒரு கொள்கைக்கு வைத்த சொல்.

முதலில் சொல்லைப் பிரிப்போம். 'சம' என்பதில் சிக்கல் இல்லை. சமன், சமம், சமநிலை என்று நாளும் புழங்குகிறோம். 'சமாஜ' என்பதுதான் சுவாரசியமானது. வடமொழியில் 'சம்' என்றால் ஒன்றாக, 'அஜ்' என்றால் செலுத்துதல், ஓட்டுதல். ஒன்றாக ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்தது, அதாவது திரள். அசோகருடைய முதலாம் பாறைக் கல்வெட்டில் இந்தச் சொல் வருகிறது. 'சமாஜம் நடத்தக் கூடாது' என்று அரசர் கட்டளையிடுகிறார். அங்கே அதற்குப் பொருள் மக்கள் கூடிக் களிக்கிற விழா. பாளியில் 'சமஜ்ஜ' என்றாலும் கூத்தும் வேடிக்கையும் நடக்கும் கூட்டம்தான். திருவிழாக் கூட்டம் பிற்காலத்தில் ஒழுங்குபட்ட சங்கமாகி, பிறகு முழு மக்கள் சமூகமாகப் பொருள் விரிந்தது.

இந்த விரிவின் கடைசிப் படி சிங்களத்தில் நடந்தது, தமிழில் நடக்கவில்லை. சிங்களத்தில் 'சமாஜய' என்றால் சமூகம், முழுச் சமூகம். தமிழுக்குச் சமாஜம் வந்து சேர்ந்தது பிரம்ம சமாஜம், ஆரிய சமாஜம் வழியாக. ஆகவே நம் காதுக்கு அது சங்கம், மன்றம், நாலு பேர் சேர்ந்து பலகை மாட்டிய இடம். சிங்களக் காதுக்குச் சமசமாஜம் 'சமத்துவச் சமூகம்' என்று கேட்கும்போது, தமிழ்க் காதுக்குச் 'சம சங்கம்' என்று ஏதோ ஒரு நலன்புரிச் சங்கம் போலக் கேட்கிறது. சொல் தமிழில் வேர் பிடிக்காததற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கணிப்பு.

சோசலிஸ்ட் என்பதற்குச் சிங்களத்தில் சொல் தேடியபோது 'சுவதேச மித்ரய' பத்திரிகையில் டாலி ஜயவர்தன 'சமசமாஜய' என்று ஆக்கினார் என்பது வரலாறு. 1935 டிசெம்பர் 18ஆம் திகதி கொழும்பில் கட்சி தொடங்கியபோது பிலிப் குணவர்தன, என். எம். பெரேரா, கொல்வின், லெஸ்லி குணவர்தன ஆகியோர் அந்தச் சொல்லையே பெயராக எடுத்துக்கொண்டார்கள். தலைவர்களில் பலர் இலண்டனிலும் அமெரிக்காவிலும் படித்தவர்கள். நாட்டின் அரசியல் அமைப்புகள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரோடு உலவிய காலத்தில், ஆங்கிலத்தில் பேசும்போதும் 'சமசமாஜ' என்றே சொல்ல வைத்தார்கள். அதில் ஒரு மிடுக்கு இருந்தது.

சரி, அதே கட்சி தமிழரிடம் என்ன சொல்லோடு வந்தது? இங்கேதான் வேடிக்கை. சிங்களத்தில் அவர்களுடைய பத்திரிகை 'சமசமாஜய'. தமிழ்ப் பத்திரிகைக்கு அவர்கள் வைத்த பெயர் 'சமதர்மம்'. தங்கள் கட்சிப் பெயர் தமிழில் பொருள் தராது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. சமதர்மம் அப்போது புதுச்சூடான சொல். 1932இல் சோவியத் நாட்டையும் ஐரோப்பாவையும் சுற்றிவிட்டுத் திரும்பிய பெரியார், வழியில் கொழும்பில் இறங்கித் தமிழரிடையே பேசிவிட்டுத்தான் ஊர் போனார். அதே ஆண்டுக் கடைசியில் சிங்காரவேலரோடு சேர்ந்து ஈரோட்டில் சமதர்மத் திட்டம் போட்டார். தமிழ்நாட்டில் சூடுபிடித்த சொல் பாக்கு நீரிணையைக் கடக்க அதிக நாள் ஆகவில்லை.

கட்சிப் பெயருக்கு வருவோம். அகராதிப் பொருள் 'சமத்துவச் சமூகம்' என்று இருந்தாலும், நடைமுறையில் அந்தச் சொல்லுக்குள் பொருளைத் திணித்தது சண்டைகள்தான். முதற்சண்டை யுத்தத்தைப் பற்றியது.

கட்சி தொடங்கும் முன்பே அதன் ஆட்கள் சூரியமல் இயக்கத்தில் இருந்தார்கள். நவம்பர் 11இல் பொப்பிப் பூ விற்ற பணம் பிரித்தானியப் படைவீரர் நிதிக்குப் போகிறது என்று, அதற்கு எதிராகச் சூரியப் பூ விற்றார்கள். ஏகாதிபத்திய யுத்தத்துக்கு ஒரு சதமும் கொடுக்கக்கூடாது என்பது ஆரம்பம் முதல் கொள்கை. 1939 ஓகஸ்டில் ஸ்டாலினும் ஹிட்லரும் உடன்படிக்கை செய்ததும் உள்ளே இருந்த பிளவு மேலே வந்தது. அந்த டிசெம்பரில் கட்சியின் நிறைவேற்றுக் குழு, மாஸ்கோ வழிநடத்திய உலகக் கம்யூனிஸ்ட் அமைப்பான மூன்றாம் அகிலத்தில் நம்பிக்கை இல்லை என்று தீர்மானம் போட்டது. மாஸ்கோவை விட மறுத்தவர்கள் 1940இல் வெளியேற்றப்பட்டார்கள். எஸ். ஏ. விக்கிரமசிங்க, பீற்றர் கெனமன், யாழ்ப்பாணத்து அ. வைத்திலிங்கம் ஆகியோர் அந்தப் பக்கம். அவர்கள் 1943இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தார்கள்.

இடையில் 1940 ஜூனில் பிலிப், என். எம்., கொல்வின், எட்மண்ட் சமரக்கொடி நால்வரையும் பிரித்தானிய அரசு பிடித்து உள்ளே போட்டது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்து, பொலிஸ் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்திருந்தார். மலையகத்தில் சமசமாஜிகளின் கை ஓங்குவதை ஆட்சி விரும்பவில்லை. 1941 ஜூனில் ஜேர்மனி சோவியத் நாட்டுக்குள் புகுந்தது. அதுவரை 'ஏகாதிபத்திய யுத்தம்' என்றவர்களில் மாஸ்கோப் பக்கத்தார் மறுபடி யோசித்து 'மக்கள் யுத்தம்' என்றார்கள்; நேச நாடுகளுக்கு ஆதரவு என்றார்கள். சமசமாஜிகள் அசையவில்லை. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. இரண்டு நாள் கழித்து இரவோடு இரவாக நால்வரும் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தப்பினார்கள். காவலர் ஒருவரும் கூடவே போனார்! பிறகு அவர்களில் பலருக்குக் கடல் கடந்து இந்தியாவில் தலைமறைவு வாழ்க்கை.

இந்தச் சண்டையிலிருந்துதான் இலங்கையில் 'சமசமாஜி' என்றால் ட்ரொட்ஸ்கியவாதி (ஸ்டாலினை எதிர்த்த ட்ரொட்ஸ்கியின் வழி வந்தவர்), 'கம்யூனிஸ்ட்' என்றால் மாஸ்கோக்காரர் என்ற பிரிவு நிலைத்தது. வெளிநாட்டு வாசகருக்குச் சமசமாஜி என்பதை வெறும் 'சோசலிஸ்ட்' என்று பெயர்த்தால் இந்த முழுக் கதையும் காணாமற் போகும்.

அடுத்தது அரிசி. 1952 தேர்தலில் கூப்பன் அரிசி, அதாவது அரசு மானிய விலையில் கொடுத்த பங்கீட்டு அரிசி, ஓர் அளவு 25 சதத்துக்கே கிடைக்கும் என்று ஐக்கிய தேசியக் கட்சி வாக்குக் கொடுத்தது. கொரிய யுத்தத்தால் ஏறியிருந்த இறப்பர் விலை இறங்கியது, இறக்குமதி அரிசியின் விலை ஏறியது, திறைசேரி காய்ந்தது. 1953இல் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன மானியத்தை வெட்டி 70 சதமாக்கினார். ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால். சமசமாஜிகள், அவர்களிடமிருந்து 1950இல் பிரிந்த பிலிப்பின் புரட்சிகர சமசமாஜம், கம்யூனிஸ்டுகள், தமிழரசுக் கட்சி என்று ஒன்றுக்கொன்று முகம் பார்க்காதவர்கள் அன்று ஒரே பக்கம் நின்றார்கள். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் போய் உட்கார்ந்து கூட்டம் நடத்தியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அந்த வருடத்துக் கொழும்பு வீட்டுப் பெண்ணிடம் சமசமாஜம் என்றால் என்ன என்று கேட்டிருந்தால் '25 சத அரிசி' என்றிருப்பாள். அகராதியை விட நல்ல விளக்கம்.

மூன்றாவது சண்டை, ஆட்சியில் சேர்வதா வேண்டாமா என்பது. 1964 ஜூனில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் என். எம். நிதியமைச்சரானார். ட்ரொட்ஸ்கியவாதிகளின் உலக அமைப்பான நாலாம் அகிலம் கட்சியை வெளியேற்றியது. எட்மண்ட் சமரக்கொடி, தொழிற்சங்கத் தலைவர் பாலா தம்பு ஆகியோர் பிரிந்து போனார்கள். தமிழருக்கு இந்தக் கட்டம் கசப்பு. 1948, 49இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனபோது எதிர்த்து வாக்களித்தவர்கள் இவர்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்ற கருத்தில் பாராளுமன்றத்தில் எச்சரித்தவர் கொல்வின். அதே கட்சி 1966 ஜனவரி 8இல் மறுபடி பிரதமராகியிருந்த டட்லியின் அரசு தமிழுக்கு நிருவாகத்தில் இடம் கொடுக்கக் கொண்டுவந்த தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் சிறிமாவோவின் சுதந்திரக் கட்சியோடு நடந்தது. 'டட்லிகே படே மசால வடே' என்பது அந்தக் காலத்துச் சுலோகம்: டட்லியின் வயிற்றில் மசாலா வடை. வடை தமிழர் உணவு என்ற ஏளனம். வடையில் என்ன குற்றமோ. 1972இல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து, சிங்களம் ஒன்றையே அரசமைப்பில் ஆட்சிமொழியாக்கிய அரசியல் யாப்பை வரைந்த அமைச்சரும் அதே கொல்வின்தான். 'சம' என்ற முன்னொட்டைத் தமிழர் நம்பாமற் போனதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இன்று நடுத்தர வயதுத் தமிழர் பலருக்குச் சமசமாஜம் என்றதும் நினைவு வருவது பழைய கட்சியே அல்ல. பழைய கட்சியிலிருந்து பிரிந்து, தமிழரின் சுயநிர்ணய உரிமைக்காகப் பேசிய நவ சமசமாஜக் கட்சியின் விக்கிரமபாகு கருணாரத்ன.

இனி, சரியான தமிழ்ச் சொல் எது?

சமதர்மம் உள்ளூர் வரலாறு உள்ள சொல். ஆனால் 'தர்மம்' பேச்சில் பிச்சை போடுவதையும் குறிக்கிறது. 'சமதர்ம அரசு' என்றால் அன்னதானம் நினைவு வருகிறது. பொதுவுடைமை அழகான சொல், பாரதி காலத்திலிருந்து இருக்கிறது. ஆனால் அது கம்யூனிசத்துக்கு என்று நிலைபெற்றுவிட்டது. இரண்டையும் குழப்பினால் 1940இன் சண்டை புரியாது. 'நிகரமை' என்று தனித்தமிழ் ஆர்வலர் எழுதுகிறார்கள். கேட்கப் பிடிக்கிறது, ஆனால் விளக்கம் சொல்லாமல் ஒரு வாக்கியத்திலும் வைக்க முடிவதில்லை. சமவுடைமை எனக்கு ஏற்றதாகப் படுகிறது. உடைமை யாருக்கு, எப்படி என்ற பொருளாதாரக் கேள்வியைச் சொல்லே எழுப்புகிறது.

சட்டம் மட்டும் வேறு வழி போய்விட்டது. 1978 யாப்பின்படி நாம் வாழ்வது இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசில். சிங்களத்தில் அதே இடத்தில் 'சமாஜவாதீ' என்று இருக்கிறது, 'சமசமாஜ' அல்ல. பெயர் வைத்தவர் அரிசி மானியத்தை வெட்டி, 1977இல் சந்தையைத் திறந்துவிட்ட அதே ஜே. ஆர். அரச அறிவித்தல்கள் வரும் ஒரு வர்த்தமானியை எடுத்துத் தலைப்பை மட்டும் பார்த்தால், திறந்த பொருளாதாரத்தின் அறிவித்தல்கள் எல்லாம் சோசலிசக் குடியரசின் பெயரில் வருவதைக் காணலாம்.

ஆகவே எழுதும்போது: கட்சியும் அதன் மரபும் என்றால் சமசமாஜம், ஆள் என்றால் சமசமாஜி, மாற்ற வேண்டாம். கொள்கை என்றால் சமவுடைமை அல்லது சோசலிசம். சிங்களத்திலிருந்து பெயர்ப்பவர்கள் 'சமாஜவாதீ' என்பதைப் பார்த்ததும் அவசரத்தில் 'சமசமாஜவாதி' என்று போடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. முன்னது எந்தச் சோசலிஸ்டையும் குறிக்கும். பின்னது தமிழில் வழக்கில் இல்லாத சொல்.