ஆட்டம் பார்க்கக் கிளம்பும் முன் கொரோனா ஊசிச் சான்றிதழைப் பிரித்துப் பாருங்கள்

2022-இல் மைதானங்களில் மறுபடியும் கூட்டம் சேரத் தொடங்கி, வாசலில் கொரோனா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்ட நாட்களில் எழுதியது இது; இதில் சொல்லும் விதிகளும் வசதிகளும் கட்டணமும் அன்றையவை. 2022 மார்ச் 20-ந் தேதி கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் கேரளா பிளாஸ்டர்ஸும் ஹைதராபாத்தும் ஆடிய ஐ.எஸ்.எல். கால்பந்து இறுதி ஆட்டத்தை ரசிகர்கள் நேரில் உட்கார்ந்து பார்த்தார்கள். மும்பையிலும் புனேயிலும் அந்த ஆண்டு ஐ.பி.எல். தொடக்க ஆட்டங்களுக்கு இருக்கைகளில் கால் பங்கு வரை ஆட்களை விட்டார்கள். 2022 ஏப்ரல் 16 முதல் மலப்புறத்தில் சந்தோஷ் டிராபி கால்பந்து. பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் பையன்கள் முன்கூட்டியே வண்டி பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சந்தோஷம்தான். ஆனால் டிக்கெட் கையில் இருந்தும் வாசலோடு திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டு ஊசியும் முறையாகப் போட்டவர்கள் அவர்கள். கையில் இருந்த காகிதம் வேறு கதை சொன்னது, அவ்வளவுதான். நம் எல்லைப்புறத்தில் இந்தச் சிக்கல் மற்ற ஊர்களைவிட அதிகம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். எந்தக் காரியத்துக்கும் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம் என்று தன் தரப்பில் விதி வகுக்கவில்லை என மத்திய அரசே 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறது. இதைக் கேட்டதும் சிலர், அப்படியென்றால் சான்றிதழே தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் மாநில அரசு உத்தரவும், ஆட்டம் நடத்துபவர்கள் டிக்கெட்டோடு வைத்த நிபந்தனையும் தனித்தனியே இருந்தன. 2021 நவம்பரில் ஜெய்ப்பூரில் நடந்த இந்தியா - நியூசிலாந்து கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஒரு ஊசி போட்டிருந்தாலே போதும் என்றார்கள். வேறு இடங்களில் இரண்டும் வேண்டும் என்பார்கள். ஆகவே டிக்கெட் வாங்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனையைப் படியுங்கள், அதைப் போனில் படம் பிடித்தும் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும் காவலாளிக்கு உச்ச நீதிமன்றத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது தெரியாது. அவரோடு வாதாடி உள்ளே போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருவோம்.

இங்கே பாதிப் பேருக்குச் சோறு கோயம்புத்தூரிலும் பொள்ளாச்சியிலும், வீடு கேரளாவில். முதல் ஊசியை மில் முகாமிலோ தமிழ்நாட்டு மெகா முகாமிலோ போட்டுக்கொண்டார்கள். இரண்டாவது ஊசிக்கு நாள் வந்தபோது ஊரில் இருந்தார்கள், இங்கேயே சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டார்கள். இதில் எந்தத் தப்பும் இல்லை. கோவின் என்பது கொரோனா ஊசிக்கு நாடு முழுவதற்கும் ஒரே அரசுப் பதிவேடு, எந்த மாநிலத்திலும் போடலாம். ஆனால் இரண்டாவது முறை வேறு போன் நம்பரைக் கொடுத்தாலோ, முதலில் ஆதாரைக் காட்டிவிட்டு அப்புறம் வாக்காளர் அட்டையைக் காட்டினாலோ, கணினி உங்களைப் புது ஆளாக எடுத்துக்கொள்கிறது. உடம்பில் இரண்டு ஊசி ஏறியிருக்கும். கையிலோ இரண்டு தற்காலிகச் சான்றிதழ்கள், இரண்டிலும் ‘முதல் டோஸ்’ என்று இருக்கும். வாசலில் இது ஒரு ஊசி போட்ட ஆளின் கணக்குத்தான்.

உங்கள் சான்றிதழை இப்போதே எடுத்துத் தலைப்பைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘ஃபைனல்’ என்று இருந்தால் சரி. ‘புரொவிஷனல்’ என்று இருந்தால் உங்கள் இரண்டாவது ஊசி கணக்கில் ஏறவில்லை. முதல் ஊசிக்குப் பிறகு வந்த காகிதத்தையே பிளாஸ்டிக் அட்டையாக அடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம்.

இரண்டு முதல் டோஸ் சான்றிதழ்களை ஒன்றாக்க வழி இருக்கிறது. கோவின் தளத்தில் போன் நம்பரும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனால் ‘ரெய்ஸ் ஆன் இஷ்யூ’ என்று குறை சொல்லும் பகுதி ஒன்று இருக்கும். அதில் இரண்டு முதல் டோஸ் சான்றிதழ்களை இணைக்கும் வசதி உண்டு. இரண்டு சான்றிதழ்களிலும் உள்ள ரெஃபரன்ஸ் எண்களை எழுதிவைத்துக்கொண்டு உட்காருங்கள். ஓடிபி எந்தப் போனுக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால் இரண்டு போன்களும் பக்கத்தில் இருக்கட்டும். பெயரும் பிறந்த ஆண்டும் இரண்டிலும் வேறு வேறாக இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், அப்புறம் இணையுங்கள். இரண்டு ஊசியும் ஒரே வகையாக இருக்க வேண்டும். 2021 மே முதல் நடப்பில் இருந்த விதிப்படி, கோவிஷீல்டு என்றால் நடுவே 84 நாள், கோவாக்சின் என்றால் 28 நாள் ஆகியிருக்க வேண்டும்.

இந்த வேலை ஒரு நாளில் முடியாது. ஆட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி என்னிடம் வந்து நிற்காதீர்கள். மனசு கேட்காமல் உட்கார்ந்து முயன்று பார்ப்பேன், ஆனால் நடக்காது.

பெயர் விஷயம் நம்மவர்களுக்குத் தனித் தலைவலி. நாம் இனிஷியல் வைப்பவர்கள். ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயர் பின்னால் சேர்ந்து வேறு மாதிரி, இங்கே சிலருக்கு வீட்டுப் பெயரும் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். முகாமில் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் அடிக்கும்போது பழனிச்சாமி என்ற ஒருவருக்கே நாலு விதமான எழுத்து வந்துவிடுகிறது. பெயர், பிறந்த ஆண்டு, பாலினம், அடையாள அட்டை எண் ஆகியவற்றை அதே ‘ரெய்ஸ் ஆன் இஷ்யூ’ பகுதியில் நீங்களே திருத்தலாம். ஆதாரில் எப்படி இருக்கிறதோ எழுத்து பிசகாமல் அப்படியே அடியுங்கள். எல்லாத் தவறையும் ஒரே தடவையில் குறித்துக்கொண்டு திருத்துங்கள். இன்று பெயர், அடுத்த வாரம் ஆண்டு என்று தவணை முறையில் போனால் இரண்டாம் முறை கதவு திறக்காமல் போகலாம்.

ஊசியின் பெயரோ போட்ட தேதியோ தவறாக ஏறியிருந்தால் வேலை கடினம். அங்கேதான் அலைக்கழிப்பு ஆரம்பமாகும். தமிழ்நாட்டு மையத்தில் போய்க் கேட்டால், உங்கள் முகவரி கேரளா, அங்கே போய்க் கேளுங்கள் என்பார்கள். இங்கே கேட்டால், போட்டது அவர்கள், அவர்கள்தான் திருத்த வேண்டும் என்பார்கள். எங்கள் பக்கத்து மில் தொழிலாளி ஒருவர் இப்படி வாளையாறு எல்லைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்து கூலியை இழந்தார். எந்த அலுவலகத்திலும் அவருடைய காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளக்கூட ஆளில்லை. இதில் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஊசி போட்ட மையத்தின் பதிவுதான் அது, அதைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பும் அந்த மையத்துடையது. உங்கள் முகவரி எந்த மாநிலம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மனு எழுதுங்கள், முகாமில் கொடுத்த துண்டுச் சீட்டின் நகலை இணையுங்கள், ஒரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அங்கேயும் நடக்கவில்லையென்றால் அதே முத்திரைப் பிரதியோடு மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குப் போங்கள். முத்திரை இல்லாத மனு அங்கே கொடுக்காத மனுவுக்குச் சமம்.

இன்னொரு குழி, போன் நம்பர். ஒரு நம்பரில் நாலு பேரைத்தான் முதலில் பதியவிட்டார்கள். 2022 ஜனவரியில்தான் அதை ஆறாக்கினார்கள். அதற்குள் ஐந்தாவது, ஆறாவது ஆள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் போனிலோ, ஆஷா பணியாளர் போனிலோ, பஞ்சாயத்து மெம்பர் போனிலோ ஏறிவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் உதவித்தான் செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று சான்றிதழை எடுக்க ஓடிபி அவர்கள் போனுக்குப் போகும். அவர் சிம்மை மாற்றியிருந்தால் உங்கள் சான்றிதழ் எட்டாத இடத்தில் நிற்கும். கோவினில் ஒருவரை வேறு நம்பருக்கு மாற்றும் வசதி இருக்கிறது. பழைய நம்பர் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

ஊசியே போடாமல், உங்களுக்கு இரண்டாம் டோஸ் முடிந்தது என்று குறுஞ்செய்தி வந்தவர்களும் இருக்கிறார்கள். யாரோ கணக்குக் காட்டுவதற்காகச் செய்தது. சிலர் அந்தச் சான்றிதழ் போதுமே, மைதானத்துக்குள் விடுவார்களே என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பல்லாயிரம் பேர் தோளோடு தோள் இடித்து நின்று கத்தும் இடம் அது. வீட்டில் வயசான அம்மா இருக்கிறார். அதே தளத்தில், தவறாக ஏறிய டோஸை ரத்து செய்யும் வசதியை 2022 ஜனவரியில் கொடுத்தார்கள். மூன்று முதல் ஏழு நாளில் மாறும் என்றார்கள். அப்புறம் ஊசியை உண்மையாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துத்தான் ஊசி போட வேண்டும் என்பது அரசு அப்போது சொன்ன முறை. 2022 ஜனவரி அலையில் படுத்து எழுந்தவர்கள் இரண்டாவது ஊசிக்கு ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குணமானதற்கான காகிதத்தை எல்லா மைதானமும் ஏற்பதில்லை. சான்றிதழுக்குப் பதில் ஆர்.டி.பி.சி.ஆர். கொரோனா சோதனையின் நெகட்டிவ் முடிவை ஏற்பார்களா என்று டிக்கெட் நிபந்தனையில் பாருங்கள். ஏற்பார்கள் என்றால், 48 மணி நேரமா 72 மணி நேரமா என்று பாருங்கள், அந்த நேரம் எப்போதிலிருந்து ஓடுகிறது என்றும் பாருங்கள். சளி மாதிரி எடுத்த நேரமும் முடிவு வந்த நேரமும் அறிக்கையில் தனித்தனியாக இருக்கும். மாதிரி எடுத்த நேரத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டால் எங்கேயும் மாட்ட மாட்டீர்கள். கேரளாவில் தனியார் லேபில் இதற்கு 300 ரூபாய் என்று 2022 பிப்ரவரியில் அரசு நிர்ணயித்தது.  அப்போது 100 ரூபாயாக இருந்த ஆன்டிஜன் டெஸ்ட் வேறு. அதை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றால் பணமும் போகும், ஆட்டமும் போகும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கவனிக்க. 2007-இலோ அதற்கு முன்போ பிறந்தவர்களுக்கு 2022 ஜனவரி 3 முதல் கோவாக்சின் போட்டார்கள், அவர்களுக்கு இரண்டு டோஸும் முடிந்திருக்க வாய்ப்பு உண்டு. 12 வயது முடிந்த சின்னவர்களுக்கு 2022 மார்ச் 16-இல்தான் கோர்பிவாக்ஸ் ஊசி தொடங்கியது. அவர்களிடம் அப்போது ‘ஃபைனல்’ சான்றிதழ் இருக்க வழியே இல்லை. ஆனாலும் கேட்பார்கள். கால்பந்துப் பயிற்சிக்குப் போகும் பதின்மூன்று வயசுப் பையனுக்கு ஆட்டம் பார்ப்பதைவிட வேறு பெரிய ஆசை என்ன இருக்கப்போகிறது? அவனை வாசலில் அழவிடாதீர்கள். சிறுவர்களுக்கு என்ன விதி என்று நிபந்தனையில் தேடுங்கள். இல்லையென்றால் நடத்துபவர்களுக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வயதுக்கு ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஊசி போட்ட மறுநாளே கிளம்பிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 முதல் வாளையாறில் தமிழ்நாட்டுக்காரர்கள் சோதித்தபோது இரண்டாம் டோஸ் போட்டு 14 நாள் ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். அதே கணக்கை நிபந்தனையாக வைத்த இடங்கள் உண்டு.

சான்றிதழை எடுப்பது இலவசம். கோவின் தளம், டிஜிலாக்கர், உமங் என்ற அரசுச் செயலிகள் எதிலும் எடுக்கலாம். மத்திய அரசின் மைகவ் வாட்ஸ்அப் எண்ணான 9013151515-க்குப் பதிவான போனிலிருந்து செய்தி அனுப்பினாலும் வந்துவிடும். கேரளாவின் அக்ஷயா மையத்திலோ தமிழ்நாட்டின் இ-சேவையிலோ பிரிண்ட் எடுக்கக் காசு கொடுப்பது வேறு. திருத்தித் தருகிறேன் என்று ஐந்நூறு, ஆயிரம் கேட்பவர்களிடம் ஓடிபி சொல்லாதீர்கள். ஊசி போடாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவரோடு பேசவே பேசாதீர்கள், அது போலி ஆவணம், வழக்கு உங்கள் மேல்தான் வரும். சான்றிதழை ஸ்டேட்டஸில் போடும் பழக்கத்தையும் விடுங்கள், உங்கள் விவரமெல்லாம் அதில் இருக்கிறது.

திருத்தம் முடிந்ததும் புதிய சான்றிதழைத் தரவிறக்குங்கள், பழைய பிரிண்டைக் கிழித்துப் போடுங்கள். வாசலில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்வார்கள். வாட்ஸ்அப்பில் கைமாறி மங்கிய படமும், மடிப்பு விழுந்த காகிதமும் ஸ்கேன் ஆகாது. பிடிஎஃப்பைப் போனிலேயே சேமித்துக்கொள்ளுங்கள், மைதானத்தின் அருகே நெட் கிடைக்காது. தெளிவான ஒரு பிரிண்டும் கையில் இருக்கட்டும். சான்றிதழில் எந்த அடையாள அட்டையின் எண் அச்சாகியிருக்கிறதோ அதே அட்டையின் அசலைக் கொண்டுபோங்கள். ஆதார் போட்டிருக்கும்போது டிரைவிங் லைசென்ஸை நீட்டி நிற்பவர்களைத்தான் முதலில் ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள்.

எங்கேயாவது சிக்கிக்கொண்டால் கூப்பிட அப்போது மத்திய சுகாதாரத் துறையின் 1075, கேரளாவில் திஷா சுகாதார உதவி மையத்தின் 1056, தமிழ்நாட்டில் 104 ஆகிய எண்கள் இருந்தன. கூப்பிடும்போது ரெஃபரன்ஸ் எண்ணும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். புகார் எண் கொடுக்காமல் போனை வைக்க விடாதீர்கள்.